தருமபுரி–கிருஷ்ணகிரி: வரைபடத்துக் கோடு எப்போது செயல்படும் பிளவாகும்?

#1 · தொப்பூர்க்கணவாய்

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 2000-இல் வெளியிட்ட நிலநடுக்க வரைபடத் தொகுப்பில் நம் பக்கத்துக்குச் சில பிளவுக் கோடுகள் போட்டிருக்கிறார்கள்: மேட்டூர் கிழக்குப் பிளவு, ஜவ்வாது மலைப் பிளவு, பாம்பாற்றுப் பிளவு என்று. செயற்கைக்கோள் படத்திலும் ஊத்தங்கரைப் பக்கம் நேர்கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. காவிரி ஒகேனக்கல் தாண்டித் தெற்கே திரும்பி மேட்டூர் வரை போவதையும் பிளவோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கேள்வி இதுதான். இவற்றில் எது இன்னும் அசையக்கூடியது என்று களத்தில் எப்படிச் சரிபார்ப்பது? எந்த வரிசையில் வேலை செய்வது, எங்கே ஏமாறுவோம்? பத்து பேர் கொண்ட சிறு குழு, ஒரு ட்ரோன், ஒரு வாரத்துக்கு ஜேசிபி, பத்துப் பன்னிரண்டு மாதிரிகளுக்கான ஆய்வுச் செலவு. இவ்வளவுதான் கையில் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#2 · பாறைமேடு

முதலில் மூன்று சொல்லைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்க. படத்தில் நேராகத் தெரியும் எதுவும் லினியமென்ட். அதன் இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி இடம்பெயர்ந்திருந்தால் பிளவு. அந்தப் பெயர்ச்சி இளம் மண் அடுக்கையும் வெட்டியிருந்தால்தான் செயல்படும் பிளவு. நம் மாவட்டங்களில் முதல் வகை ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டாவது வகை சில டஜன். மூன்றாவதற்குத்தான் நீங்கள் குழி தோண்டப் போகிறீர்கள்.

இங்கே லினியமென்ட் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. அடிப்பாறை ஆர்க்கியன் காலத்து (250 கோடி ஆண்டுக்கும் முந்திய) நைஸ், சார்னோகைட் என்ற உருமாறிய பாறைகள். அதன் குறுக்கே டோலரைட் டைக்குகள், அதாவது வெடிப்புகளில் பாறைக்குழம்பு புகுந்து சுவர்போல் உறைந்த கறுப்புப் பாறைகள், கூட்டம் கூட்டமாக ஓடுகின்றன. பெரும்பாலானவை 200 கோடி ஆண்டுக்கும் மூத்தவை. குவாரிக்காரர்கள் பிளாக் கிரானைட் என்று அறுத்து விற்பது அதைத்தான். டைக் அரிப்புக்குத் தாங்கினால் நீண்ட முகடாக நிற்கும், சிதைந்தால் நேரான பள்ளமாகிவிடும். இரண்டுமே படத்தில் கோடுதான். இதற்கு மேல் சாமல்பட்டி, சேவத்தூர் கார்பனடைட்–சையெனைட் பாறைத்திரள்கள் குழம்பாகச் சுமார் 75–80 கோடி ஆண்டுக்கு முன் ஏறிவந்த பாதையும் ஒரு பழைய பிளவு மண்டலம். பழையது என்பதால் செத்தது என்று அர்த்தமில்லை, உயிரோடு இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

மைலோனைட் பார்த்தவுடன் சிலர் துள்ளுவார்கள். பாறை சூட்டில் இளகி இழுபட்டு ஆனது அது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த வேலை. மேலே இருந்த அத்தனை பாறையும் அரித்துப் போன பிறகுதான் நம் கண்ணுக்குப் படுகிறது. இன்றைய நிலநடுக்கத்துக்கு அது சாட்சி ஆகாது. விரலால் நசுக்கினால் மாவாகும் பிளவுக் களிமண், இறுகாத நொறுங்கல் பாறை இருந்தால் மட்டும் நின்று பாருங்க.

#3 · நதித்தடம்

அலுவலக வேலையை ஒரு மாதமாவது செய்யாமல் களத்துக்குப் போகாதீர்கள்.

உயர மாதிரி (தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகச் சொல்லும் கணினி வரைபடம்): இந்திய விண்வெளித் துறையின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் 30 மீட்டர் இலவசம், கோப்பர்நிகஸ் 30 மீட்டரும் இலவசம். இரண்டையும் இறக்குங்கள், ஒன்றில் மட்டும் தெரியும் கோட்டை நம்பாதீர்கள். அதிலிருந்து மேடுபள்ளத்தை வெளிச்சமும் நிழலுமாகக் காட்டும் நிழல்வரைபடத்தை ஒரே திசை வெளிச்சத்தில் போட்டால் அந்தத் திசைக்குக் குறுக்கான கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், இணையானவை மறைந்துவிடும். குறைந்தது நான்கு திசையில் போட்டு ஒப்பிடுங்கள். இந்த மாதிரிகளின் செங்குத்துப் பிழையே சில மீட்டர். இரண்டு மீட்டர் படி இதில் தெரிகிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பிறகு ஆற்று நீள்வெட்டு, அதாவது ஆறு மேலிருந்து கீழே இறங்கும் சரிவின் படம். எதிர்பார்த்ததைவிட ஆறு எங்கே செங்குத்தாக இறங்குகிறது என்று காட்டும் செங்குத்துக் குறியீடு எடுக்கும்போது குழிவுக் குறி 0.45, குறைந்தபட்ச நீர்ப்பிடிப்பு 1 சதுர கி.மீ. என்று தொடங்கலாம். நம் ஊரில் இதைக் கெடுப்பது ஏரிகள். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு என்று சங்கிலியாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கரையும் நீள்வெட்டில் ஒரு தட்டையும் ஒரு படியும் தரும். கிருஷ்ணகிரி அணை, பாம்பாறு அணை, கெலவரப்பள்ளி எல்லாமே பொய்ப் படிகள்தான். கணினியில் பள்ளத்தை நிரப்பும் வழியை விட்டுவிட்டு கரையை வெட்டிவிடும் வழியில் நீர்ப்பாதையைத் திருத்துங்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 57 எல், 57 எச் தாள்களில் ஏரிகளைக் குறித்து வைத்து, அங்கே வரும் படிகளையெல்லாம் அடித்துவிடுங்கள்.

மலையடிவார நெளிவு (அடிவாரக் கோடு எவ்வளவு வளைகிறது என்ற எண், நேர்கோடானால் 1), பள்ளத்தாக்கு அகல-உயர விகிதம் போன்ற எண்களையும் போடலாம். நெளிவு 1.6-க்குக் கீழே வந்தால் செயல்படும் முகப்பு என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த வரம்பு அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதி மலைகளைப் பார்த்து வந்தது. செங்குத்தான இலையடுக்கு கொண்ட நைஸ் முகப்பு பிளவே இல்லாமலும் நேராகத்தான் நிற்கும். எண் தனியாக எதையும் நிரூபிக்காது. எங்கே பார்க்கலாம் என்று கை காட்டும், அவ்வளவுதான்.

#4 · கல்வெட்டாங்குழி

ஒகேனக்கல் அருவியே பிளவுக்குச் சான்று இல்லையா? அவ்வளவு பெரிய படி வேறு எப்படி வரும்?

#5 · நதித்தடம்

அருவி இன்று நிற்கும் இடம் அது பிறந்த இடம் இல்லை என்பதுதான் சிக்கல், தம்பி. நிலம் ஓரிடத்தில் உயர்ந்தாலோ கீழே அடித்தளம் இறங்கினாலோ ஆற்றில் ஒரு படி பிறக்கும். பிறந்த நொடியிலிருந்து அது மேல்நோக்கி அரித்துக்கொண்டே நகரும். ஆகவே அருவிக்குக் கீழே கோடு போட்டு இதுதான் பிளவு என்று சொல்ல முடியாது.

பிரித்தறிய வழி இருக்கிறது. காவிரியை மட்டும் பார்க்காமல் சின்னாறு உள்ளிட்ட துணையாறுகள், சிற்றோடைகள் எல்லாவற்றிலும் படிகளைக் குறியுங்கள். படிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் விழுந்தால் அது கீழிருந்து ஏறிவந்த அரிப்பு அலை. வரைபடத்தில் ஒரே நேர்கோட்டில், வெவ்வேறு உயரத்தில், ஒரே வகைப் பாறையின் நடுவே விழுந்தால் பிளவைச் சந்தேகிக்கலாம். பாறை மாறும் எல்லையிலோ டைக் குறுக்கிடும் இடத்திலோ விழுந்தால் பாறையின் கடினம்தான் காரணம். நம் பக்கம் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது கணக்கில் போய்விடும்.

நிலவியலாளர் கே.எஸ்.வால்தியா 1990-களின் இறுதியில் தென்கிழக்குக் கர்நாடகத்தையும் அதையொட்டிய தமிழகத்தையும் பார்த்துவிட்டு, பழைய பிளவுகள் குவாட்டர்னரி காலத்தில் (கடந்த சுமார் 26 லட்சம் ஆண்டில்) மறுபடி அசைந்திருக்கின்றன என்று வாதிட்டார். ஆற்று நீர் தேங்கிக் கறுப்புக் களிமண் படிந்த இடங்களை அவர் முக்கியச் சான்றாக வைத்தார். இன்னொரு நிலவியலாளர் எஸ்.எம்.ராமசாமி மங்களூர்–சென்னை அச்சில் நிலம் வளைந்து எழுவதாகச் சொன்னார். இரண்டுமே சரிபார்க்கத்தக்க கருத்துகள். ஆனால் இரண்டும் நிலத்தோற்றத்தைப் பார்த்துச் சொன்னவை, மண் வெட்டில் அளந்தவை அல்ல. தேக்கத்தை அணைபோன்ற ஒரு டைக்கும் உண்டாக்கும், துணையாறு கொட்டிய மணல்மேடும் உண்டாக்கும்.

#6 · அதிர்வுப்பதிவு

நிலநடுக்கப் பட்டியலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் புள்ளிகளை வரைபடத்தில் போட்டு, "பார், கோட்டின் மேலேயே விழுகிறது" என்பார்கள். நிலையங்கள் தொலைவாக இருந்தால் இடப்பிழை 10 கிலோமீட்டருக்கும் மேல் போகும். ஆழம் சரியாக 10 கி.மீ. என்று இருந்தால் அநேகமாகக் கணிக்க முடியாமல் வைத்த எண்.

அடுத்தது வெடி. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை வட்டாரக் குவாரிகளில் வெடி வைப்பது தினசரி வேலை. 3-க்குக் கீழான அதிர்வுகளை நேரவாரியாகப் பிரித்துப் பாருங்கள். பகலில் குவிந்து, இரவில் காலியாக இருந்தால் பட்டியலில் வெடி கலந்திருக்கிறது. அலைவடிவம் கிடைத்தால் முதல் அசைவைப் பாருங்கள். வெடியில் எல்லா நிலையத்திலும் மேல்நோக்கித் தள்ளும், பிளவு அசைந்தால் சிலவற்றில் மேல், சிலவற்றில் கீழ். ஆழமில்லாத வெடியில் மேற்பரப்பு அலை பெரிதாகவும், பக்கவாட்டில் குலுக்கும் எஸ் அலை பலவீனமாகவும் இருக்கும்.

கணக்கில் வைக்க வேண்டிய நடுக்கங்கள் இந்தப் பக்கம் குறைவுதான். 1984 மார்ச் 20-இல் ஓசூர்ப் பக்கம் எல்லையோரம் 4.6 அளவில் ஒன்று. 1900 பிப்ரவரி 8 கோயம்புத்தூர் நடுக்கம் சுமார் 6. இவற்றில் எதற்கும் மேற்பரப்புப் பிளவு அடையாளம் காணப்படவில்லை.

#7 · தொப்பூர்க்கணவாய்

அப்படியானால் நூறு கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டுக்கு 7.4 அளவு வரும் என்று, நீளத்திலிருந்து நிலநடுக்க அளவைக் கணிக்கும் வெல்ஸ்–காப்பர்ஸ்மித் சூத்திரத்தில் போடுகிறார்களே, அது?

#8 · பாறைமேடு

சூத்திரம் சரி, போட்ட எண்தான் தப்பு. அளவு = 5.08 + 1.16 × மடக்கை(நீளம் கி.மீ.). 100 கொடுத்தால் 7.4 வரத்தான் செய்யும். ஆனால் அதில் போட வேண்டியது ஒரே நடுக்கத்தில் தரையில் கிழிந்த நீளம். லினியமென்ட்டின் நீளம் அல்ல. 20 கி.மீ. கிழிந்தால் 6.6. மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அன்று 6.2 அளவு நடுக்கம் வந்தபோது தரையில் தெரிந்த கிழிசல் ஓரிரு கிலோமீட்டர், அதுவும் விட்டுவிட்டு. நடுக்கத்துக்கு முன் அங்கே யாரும் பிளவுக் கோடு போட்டிருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் க்ரீக் இன்னும் நல்ல பாடம். 1988 ஜனவரி 22-இல் ஒரே நாளில் 6.3 முதல் 6.6 வரை மூன்று நடுக்கம், முப்பத்து சொச்சம் கிலோமீட்டர் கிழிசல். பிறகு குழி வெட்டிப் பார்த்தால், அதற்கு முன் நெடுங்காலமாக அசைந்த தடயமே இல்லை. கண்டத்தின் நடுவில் உள்ள பிளவுகள் பல பத்தாயிரம் ஆண்டு தூங்கும். கலிஃபோர்னியாவில் "கடந்த 11,700 ஆண்டு" என்ற வரம்பு செல்லும். இங்கே அதையே வைத்தால் எல்லாப் பிளவும் செத்தது என்றுதான் பதில் வரும். அமெரிக்க அணுசக்தி விதியில் 35,000 ஆண்டில் ஒரு முறை அல்லது 5 லட்சம் ஆண்டில் பலமுறை என்றொரு வரம்பு உண்டு. நமக்கு அதுதான் பொருந்தும்.

#9 · அகழிக்கோடு

குழி விஷயத்துக்கு வருகிறேன். எங்கே வெட்டுவது என்பதில்தான் முக்கால்வாசிக் குழிகள் தோற்கின்றன. மலைச்சரிவில் செம்மண் அரை மீட்டர் கூட இருக்காது. அங்கே பிளவு கிடைத்தாலும் அதை வெட்டவோ மூடவோ மேலே இளம் அடுக்கு இல்லை. கோடு ஆற்றுப் படிவத்தைக் கடக்கும் இடம் வேண்டும்: தென்பெண்ணை, பாம்பாறு பழைய கரைத்திட்டுகள், மலையடிவார விசிறிப் படிவுகள். அடுக்கடுக்காக மணல், வண்டல், சரளை இருக்கிற இடமாகப் பாருங்கள். பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தாலே மேல் ஐந்து மீட்டர் தெரிந்துவிடும். திறந்த கிணறு நமக்கு யாரோ இலவசமாக வெட்டிக் கொடுத்த அகழி.

வெட்டுவதற்கு முன் மின்தடை அளவீடு: தரையில் முனைகளை நட்டு மின்சாரம் செலுத்தி, அடியில் உள்ளது எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. 48 மின்முனை, 2 மீட்டர் இடைவெளி என்றால் 94 மீட்டர் நீளம், 15–18 மீட்டர் ஆழம் வரை நம்பலாம். காய்ந்த செம்மண்ணில் முனை மண்ணோடு ஒட்டாது. ஒவ்வொன்றின் அடியிலும் உப்புத்தண்ணீர் ஊற்றி அரைமணி விட்டு அளங்கள். தடை குறைந்த செங்குத்துப் பட்டை தெரிந்தால் அது நீருள்ள உடைவு மண்டலம். பிளவாகவும் இருக்கலாம், சிதைந்த டைக்காகவும் இருக்கலாம். போர் போடுகிறவர்கள் தேடுவதும் இதே பட்டையைத்தான், அதனால் கோட்டின் மேலேயே ஆயிரம் அடி போர்கள் வரிசையாக நிற்கும். ரிக் ஓட்டியவரிடம் எத்தனையாவது அடியில் ராடு சட்டென்று இறங்கியது என்று கேட்டுக் குறியுங்கள். தரை ஊடுருவும் ரேடாரைக் கறுப்புமண்ணில் ஓட்டாதீர்கள், களிமண் அலையை முழுங்கிவிடும்.

அகழி அளவு: கோட்டுக்குக் குறுக்கே 25 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம். நேர்ச்சுவராக வெட்டக்கூடாது. மேல் ஒன்றரை மீட்டரை 3 மீட்டர் அகலத்தில் வெட்டி, கீழ் ஒன்றரை மீட்டரை 1 மீட்டர் அகலத்தில் இறக்குங்கள். மொத்தம் 150 கனமீட்டர், ஜேசிபிக்கு ஒன்றரை நாள். மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டருக்கு உள்ளே விடாதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். சரிந்தால் இடுப்பளவு மண் போதும் ஆளை எடுத்துவிடும். இரண்டு ஏணி, சுற்றி வேலி, உள்ளே ஆள் இருக்கும்போது மேலே ஒருவர். ஆடு மேய்ப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

காலம் ஜனவரி முதல் மே வரை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றோரக் குழி ஒரே இரவில் குளமாகிவிடும். பட்டா நிலமானால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல், புறம்போக்கானால் வருவாய்த்துறை, காப்புக்காடானால் வனத்துறை. வாய்மொழி வேண்டாம்.

சுவரைக் களைக்கொத்தாலும் கொத்துக்கரண்டியாலும் ஜேசிபி பல் தடம் போகும்வரை சுரண்டுங்கள். ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் கட்டமாக ஆணி அடித்து நூல் கட்டுங்கள், ஒரு நூல் கண்டிப்பாக மட்டம் பார்த்துக் கிடையாக. தெளிப்பானால் லேசாக நனைத்தால் நிறம் பிரியும். படங்கள் 70–80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். பந்தலுக்குப் பச்சை நிழல்வலை போடாதீர்கள். படம் முழுக்கப் பச்சையடித்து அடுக்குகளின் நிறவேறுபாடே போய்விடும். வெள்ளைத் துணி கட்டுங்கள். அடுக்குகளுக்குக் கீழிருந்து மேலாக எண் கொடுத்து 1:20 அளவில் கையாலும் வரையுங்கள். படம் இருக்கிறதே என்று வரையாமல் விட்டால் அடுக்குகள் சேரும் எல்லையை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள்.

#10 · கல்வெட்டாங்குழி

குழியில் பிளவு என்று நினைத்து ஏமாறும் இடங்கள் எவை, அண்ணே?

#11 · அகழிக்கோடு

நிறைய. முதலாவது, சிதைந்த நைஸின் பழைய வெடிப்புகள். இரும்புக்கறை ஏறி, பார்த்தால் அச்சு அசல் பிளவு மாதிரி இருக்கும். மேலே மண்ணின் அடிப்பாகத்தோடு அப்படியே நின்றுவிடும். இரு பக்கமும் ஒரே குவார்ட்ஸ் நரம்பைத் தேடுங்கள். அது உடையாமல் குறுக்கே போனால் பெயர்ச்சி இல்லை.

இரண்டாவது கறுப்புமண். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, உள்ளே மண்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும். பளபளப்பான, கோடு விழுந்த வழுக்குத்தளம் அங்கே தானாகவே உண்டாகும். அதைப் படமெடுத்து "பிளவுத் தேய்மானம்" என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தளங்கள் எல்லாத் திசையிலும் சாய்ந்திருக்கும், கீழே பாறைக்குள் தொடராது.

மூன்றாவது சரிவில் மண் மெல்ல நகர்ந்து சரளைக்கோட்டை வளைப்பது. கரையான் புற்றுக்குழாயும் மட்கிய வேர்த்தடமும் மணல் நிரம்பினால் நடுக்கத்தில் பீய்ச்சிய மணல் நரம்பு போலவே இருக்கும். நாலாவது குழிக்கு வெளியே: வயல் வரப்பு, கல்கட்டு, பழைய ஏரிக்கரை, குவாரிக் கழிவுமேடு. ட்ரோன் படத்தில் இரண்டு மீட்டர் படி நேராக ஓடினால் முதலில் பழைய புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். சர்வே எண் எல்லையில் திரும்பும் நிலநடுக்கப் பிளவு உலகத்தில் கிடையாது.

உண்மையான நிகழ்வுக்கு அடையாளம் என்றால், ஒரு குறிப்பிட்ட அடுக்குக்குக் கீழே எல்லாம் உடைந்து அதற்கு மேலே உடையாமல் மூடியிருக்க வேண்டும். படியின் காலடியில் மேலிருந்து சரிந்த மண் ஆப்பு வடிவில் கிடந்தால் இன்னும் நல்லது. இரண்டு சுவரிலும் அதே உயரத்தில் தெரிய வேண்டும்.

#12 · மணல்துகள்

காலக்கணிப்பு. கரித்துண்டு கிடைத்தால் ரேடியோகார்பன், ஆனால் சுமார் 50,000 ஆண்டோடு அதன் கை நின்றுவிடும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கி.மு. 2172 என்று இரும்புக்கால அடுக்குக்குக் காலம் கிடைத்தது இந்த முறையில்தான். மனிதர் வாழ்ந்த மேடுகளில் கரி தாராளம். ஆற்றுப் படிவத்தில் கிடைக்கும் கரி பழைய மரத்தினுடையதாக இருக்கலாம், பல நூறு ஆண்டு கூட்டிக் காட்டும். வேர்க்கரியானால் குறைத்துக் காட்டும். ஒரு அடுக்குக்கு ஒரே துண்டை நம்பாதீர்கள்.

பழைய அடுக்குக்கு ஒளித்தூண்டல் முறை. புதைந்த மணல் கடைசியாக வெயில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று, அதில் சேர்ந்த கதிர்வீச்சை வைத்துச் சொல்லும். 5 செ.மீ. விட்டம், 20–25 செ.மீ. நீளமுள்ள இரும்புக் குழாயைச் சுரண்டிய புதுச்சுவரில் அடித்து இறக்குங்கள். குழாய் முழுதும் நிரம்ப வேண்டும். காலியிடம் இருந்தால் மணல் உள்ளே குலுங்கி வெளிச்சம் பட்ட துகளும் படாததும் கலந்துவிடும். பக்கத்து மண்ணை அரைக்கிலோ கதிர்வீச்சு அளவுக்கும், கொஞ்சம் இறுக்கமூடிய டப்பாவில் ஈரப்பதத்துக்கும் எடுங்கள். ஈரம் ஒரு சதவீதம் தவறினால் வயதும் ஏறக்குறைய ஒரு சதவீதம் தவறும். சுற்றி 30 செ.மீ.க்குள் பாறையோ சுக்கான்கல் கட்டியோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

நம் மண்ணுக்கு இரண்டு தனிச் சிக்கல். பொட்டாசியம் நிறைந்த நைஸிலிருந்து வந்த மணலில் கதிர்வீச்சு அதிகம். ஆயிரம் ஆண்டுக்கு 4 கிரே (துகள் வாங்கிய கதிர்வீச்சின் அலகு) என்றால், குவார்ட்ஸ் 200 கிரேயில் நிரம்பும்போது கையில் கிடைப்பது 50,000 ஆண்டுதான். அதற்கு மேல் ஃபெல்ட்ஸ்பாருக்குப் போக வேண்டும். மற்றது, மலையடியில் நூறு மீட்டர் மட்டும் உருண்டுவந்த மணல் வெயிலை முழுசாகப் பார்த்திருக்காது, வயது கூடுதலாக வரும். அங்கே தனித்துகள் அளவீடு கேளுங்கள்.

பத்து மாதிரிதான் என்றால் பிளவை மூடிய அடுக்கில் மூன்று, வெட்டுப்பட்ட கடைசி அடுக்கில் மூன்று, மற்றதை வரிசைச் சரிபார்ப்புக்கு. அடியிலிருந்து முடிவரை சமமாகப் பிரித்து எடுத்தால் தேவைப்படும் இடத்தில் ஒன்றே ஒன்று நிற்கும்.

#13 · பாறைமேடு

குழிக்கு இடமே கிடைக்காவிட்டால் நம் குன்றுகளைப் பாருங்கள். கல்மேல் கல்லாக நிற்கும் உருண்டைப் பாறைகள் இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ. விழக்கூடிய நிலையில் இருந்தும் விழாமல் நிற்கும் பாறை, அது அங்கே நிற்கத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு குலுங்கல் வரவில்லை என்று சொல்லும். அமெரிக்காவில் ஜேம்ஸ் புரூன் 1990-களில் வளர்த்த வழி. பாறையின் எடைமையத்திலிருந்து அது கவிழும் முனைக்குக் கோடு போட்டு, செங்குத்துக்கும் அதற்கும் உள்ள கோணத்தை அளங்கள். கவிழ்க்கத் தேவையான முடுக்கம் தோராயமாக அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட். 20 டிகிரி என்றால் 0.36 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்).

உற்சாகப்படுவதற்கு முன் ஒன்று. நிலநடுக்கக் கட்டிட விதியான ஐ.எஸ். 1893-இன் 2002 பதிப்பில் தருமபுரி மூன்றாம் மண்டலம், குலுங்கலுக்கான காரணி 0.16 ஜி. (அந்தப் பதிப்பு வந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை, பிரிந்தது 2004.) அந்த 0.16-ஐச் சோதிக்க 9 டிகிரிக்கும் குறைவான கோணப் பாறை வேண்டும். பார்த்தால் பயமாகத் தெரியும் பாறைகள் பலவும் 20-க்கு மேல்தான் இருக்கும், 0.16 அவற்றை அசைக்காது. பின்பக்கம் தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறதா, அடியில் வேர் பிடித்திருக்கிறதா என்று சுற்றிவந்து பாருங்கள். மல்லச்சந்திரம் கல்திட்டைகளையும் நடுகற்களையும் இதற்கு இழுக்காதீர்கள். நடுகல்லை ஊரார் எத்தனை முறை பிடுங்கி நட்டார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

#14 · கம்பிக்கட்டு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இந்தக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி வீடு கட்டலாம் என்று தினமும் கேட்கிறார்கள்.

#15 · அதிர்வுப்பதிவு

நிரூபிக்காத கோட்டுக்குத் தூரம் சொல்ல முடியாதுங்க. குலுங்கல் கோட்டோடு நிற்காது, பத்து கிலோமீட்டர் தள்ளியும் அதே வீட்டைத்தான் ஆட்டும். தூண் கம்பிகளைச் சுற்றும் ஸ்டிரப் வளையத்தின் கொக்கியை 135 டிகிரி மடக்கச் சொல்லுங்கள், செங்கல் வீட்டில் கதவு, சன்னல் மேல்மட்டத்துக் கான்கிரீட் பட்டையான லிண்டல் பேண்டை நாலு சுவரும் சுற்றிவரப் போடச் சொல்லுங்கள். தரைத்தளம் முழுதும் காருக்குத் திறந்துவிட்டு மேலே இரண்டு மாடி ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

#16 · தொப்பூர்க்கணவாய்

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி: பாம்பாறு–தென்பெண்ணை சேருமிடத்துக்கு மேலே கோடு பழைய படிவத்தைக் கடக்கும் மூன்று இடம். மூன்றிலும் கிணறு பார்வை, மின்தடை. அதில் ஒன்றில் மட்டும் அகழி, பிப்ரவரியில். மாதிரி பத்தையும் மணல்துகள் சொன்ன கணக்கில் எடுக்கிறோம். எதுவும் உடையாமல் அடுக்கு தொடர்ந்தால்?

#17 · அகழிக்கோடு

அதுவும் முடிவுதான். "இந்த இடத்தில், இத்தனை ஆயிரம் ஆண்டாக, இந்த அகழியின் நீளத்துக்குள் பெயர்ச்சி இல்லை" என்று எழுதுங்கள். "பிளவு செத்தது" என்று எழுதாதீர்கள். அது சில மீட்டர் தள்ளி ஓடியிருக்கலாம். ஆகவே அகழியை மின்தடைப் பட்டையின் இரு பக்கமும் எட்டு மீட்டராவது தாண்டி நீட்டுங்கள். மூடும்போது 30 செ.மீ. அடுக்காகத் திணித்து, கடைசியில் மேல்மண். இல்லாவிட்டால் அடுத்த மழையில் உழவரின் டிராக்டர் அதில் இறங்கும், பிறகு அந்தப் பக்கம் யாருக்கும் குழி வெட்ட நிலம் கிடைக்காது.

#18 · மணல்துகள்

குழாயின் இரு முனையிலும் கறுப்பு டேப், எந்த முனை சுவருக்கு வெளியே இருந்தது என்று அம்புக்குறி. நீரில் கரையும் மையால் எழுதாதீர்கள், ஈரத்தில் அழிந்துவிடும்.